சிலையடியில் நீ நின்ற மாலை

அக்கா,

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து மூக்கருகே நின்றது. அதன் கண்ணாடியின் மேல் மஞ்சளில் எழுதியிருந்ததை, ஓட்டுபவன் வாய் திறப்பதற்குள் நானே வாசித்துவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில். எவ்வளவு நீளமான பெயர்! நடுவில் எங்கும் தடுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் "பாத்தியாக்கா" என்று இடப்பக்கம் திரும்பினேன். அங்கே கம்பெனி பையை மாட்டிக்கொண்டு தூங்கி வழிந்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இன்னா தாத்தா?"

"ஒண்ணும் இல்லம்மா, நீ ஏறு."

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும் சர்ச் கூடத்து வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டார்கள். நீயும் கேட்டிருப்பாய். எனக்கோ சாமி வந்ததுபோல இருக்கிறது. பிஸ்கட் உறை, மின்கம்பம், லாரியின் முதுகு, ஒன்றையும் விடுவதில்லை. வாசித்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். கை மெதுவாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்.

நாம் கடல் பார்க்கப் போனதை நினைத்துப் பார். கம்பெனி கேண்டீனில் நீ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த காலம். அசெம்பிளி லைனில் வேலை செய்த தூத்துக்குடிப் பெண் ஒருத்தி தட்டை வைக்க வந்தபோது உன்னைச் சீண்டினாளாம்.

"நெசமாவா சொல்லுதிய ஆச்சி? இம்புட்டுப் பக்கத்துல கெடக்கு, கடல பாத்ததே இல்லியா?"

"கடலு எங்கடி ஓடிப்பூடும்? அது பாட்டுக்கு கீது" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "டேய் சின்னவனே, ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறம்" என்றாய். பேரன் எடுத்தவனைத் தெருவே கேட்க 'டேய்' என்று கூப்பிட உனக்கு ஒருத்திக்குத்தான் உரிமை.

படிக்கத் தெரியாத இருவர் பட்டணம் போவதென்றால் வாய்தான் வழி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் விசாரித்தோம். பீச்சுதான் கடைசி, வண்டி தானாகவே நின்றுவிடும், இறங்கிவிடுங்கள் என்றார்கள். இறங்கினோம். கடலைக் காணோம். நீண்ட மதில், அதன் பின்னால் துறைமுகத்துக் கிரேன், சாலை நிறைய லாரிகள். நீ இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"இதாடா கடலு? லாரியா கீது. இதுக்கு நம்ம ஒரகடத்துலயே நின்னுகினு இருந்திருக்கலாம்."

டீ விற்றவர் சிரித்தே விட்டார். "அய்ய, பேருதாம்மா பீச்சு. மணலு வோணும்னா அந்தாண்ட பறக்கும் ரயிலு ஏறி சேப்பாக்கத்துல எறங்கி நட."

பறக்கும் ரயில் மெய்யாகவே வீடுகளுக்கு மேலே போனது. மொட்டைமாடியில் காயும் துணிகள் நமக்குக் கீழே தெரிந்தன. நீ சன்னல் கம்பியை விடவே இல்லை. சேப்பாக்கத்தில் இறங்கி நேராக நடந்தால் சாலை முடியும் இடத்தில் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பிக்கொண்டிருந்த அந்த நால்வரையும் நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"இவனுங்களுக்கு ஷிஃப்டே முடியாதாடா?"

"ஓவர்டைம் போலருக்குக்கா."

அப்புறம் கடல். கணுக்கால் வரை இறங்கி நின்றாய். ஒவ்வொரு அலை வரும்போதும் புடவையைத் தூக்கிப் பிடித்தாய், அது போனதும் விட்டாய். கடைசியில் "ரொம்பப் பெருசுடா" என்றாய். அவ்வளவுதான்.

உன்னை மணலில் உட்காரவைத்துவிட்டு நான் சுண்டல் வாங்கப் போனேன். திரும்பினால் எல்லாக் கடையும் ஒரே கடையாக இருந்தது, எல்லாக் கூட்டமும் ஒரே கூட்டமாக இருந்தது. நீ இருந்த இடம் எது என்று தெரியவில்லை. பலூன் சுடும் கடை ஒன்றின் அருகே அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குக் காரணம் நீதான். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போய் ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் நான் வழி தவறியபோது, என்னைக் கண்டுபிடித்துத் தலையில் ஒன்று போட்டுச் சொன்னாய்: "தொலைஞ்சா நின்ன எடத்துலயே நில்லு. தேடுறவதான் நடக்கணும்." அதன்பிறகு எந்தச் சந்தையிலும் திருவிழாவிலும் நான் நிற்பேன், நீ வருவாய், தலையில் ஒன்று விழும். ஒருமுறையும் தவறியதில்லை.

நின்றேன். சுண்டல் ஆறியது. வெயில் இறங்கி விளக்குகள் எரிந்தன.

"இன்னா பெருசு, சுடறியா? இல்லன்னா நவுறு, பலூன மறைக்கிற" என்றான் கடைக்காரன்.

"எங்கக்கா வரும்பா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கே அக்காவா? அதுக்கு இன்னா வயசு?"

அதுவரை உன் வயதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உனக்கும் இந்த ஊர் தெரியாது, உன்னாலும் எதையும் வாசிக்க முடியாது. நடந்தேன். ஈரமணல் ஓரமாகவே ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு கிழவி முகத்திலும் உன்னைத் தேடி, ஒவ்வொரு முகமும் நீயாக இல்லாமல் போகப் போக, கடல் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்றுவரை அந்த இரைச்சல் என் காதில் முழுதாக அடங்கவில்லை.

நீ சிலையடியில் நின்றிருந்தாய். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல்.

"ஏண்டா நவுந்த? நின்ன எடத்துல நில்லுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!"

"நின்னேன்கா. நீ வர்ல."

நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "நான் எங்கடா வர்றது? நாந்தான தொலைஞ்சேன்."

திரும்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "இன்னா ஆயா, திருடனப் புடிச்சிகினு போறியா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, வுட்டா ஓடிருவான்" என்றாய். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கிய பிறகும் பிடி தளரவில்லை. இப்போதும் சாலையைக் கடக்கப் போனால் அந்த மணிக்கட்டு தானாக இறுகுகிறது. லாரி போன பிறகுதான் தளர்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்கிறான் மகன். டாக்டரிடம் என்னவென்று சொல்வது?

இன்று அங்கேதான் போய்வந்தேன், தனியாக. யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாசித்துக்கொண்டே போனேன். கடற்கரை என்ற பலகையைக்கூட வாசித்தேன், நீ திட்டியது நினைவுக்கு வந்து தனியே சிரித்தேன். மணலில் ஒரு பலூன் கடை ஓரமாக நின்று பார்த்தேன். நின்றால் நீ வருவாய் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். ஆனால் என்னால் தொலைய முடியவில்லை அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பலகை நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. தொலையாதவனைத் தேடி யார் வருவார்கள்?

பொழுது சாயும் நேரத்தில் சிலையடியில் ஒரு பெண் முந்தானையைப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. கிட்டே போனபோது அவள் வேறு யாரோ. சுண்டலோடு வந்த ஒரு குடும்பம் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டது. அவள் நின்ற இடத்தில் நான் கொஞ்சநேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நான் வந்த வழி முழுவதும் தெரிகிறது. அன்று நான் ஓடிவந்ததை நீ வெகு தூரத்திலிருந்தே பார்த்திருப்பாய். பார்த்தும் நகரவில்லை, வந்து சேரட்டும் என்று நின்றிருக்கிறாய்.

அப்படியே நில். அன்று போலவே நான்தான் நடந்து வர வேண்டும், அது எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் நேரமானால் கோபித்துக்கொள்ளாதே. வழியில் பலகைகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வருகிறேன்.

சின்னவன்