பொத்தான் டப்பாவின் மூடி

அன்புள்ளவருக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் யார் என்று திகைக்க வேண்டாம், லாரியைத்தான் சொல்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? சுரங்கத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பு எழுதினீர்கள், போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மகளுக்குப் பரீட்சை முடிந்தது. கணக்கு சுமார்தான், அதில் என்னைக் கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதையாவது அழுத்திக் கேட்டால் உங்களுக்கு உடனே லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். உறைக்குள் ஒரு தகரத் துண்டும் ஒரு தாளும் இருக்கும். தகரம் கூர்மையானது, கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். அது என்னவென்று வரிசையாகச் சொல்லி வருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் வண்டி புகைச் சோதனையில் தேறவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஏற்றத்தில் இழுக்கவில்லை, கன்னங்கரேலென்று புகை கக்குகிறது, நின்றால் உடம்பெல்லாம் உதறுகிறது. முப்பது நாளில் சரிசெய்துகொண்டு வா, இல்லையென்றால் ரோட்டில் ஏறக்கூடாது என்று சோதனை அதிகாரி சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். இந்தத் தடவை தேறிவிட்டால் ஊருக்கு வந்து நானே ஓட்டுகிறேன், தேறாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடு, நான் இங்கேயே இன்னும் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டே வருடம் என்று சொல்லிப் போனவர், இது ஐந்தாவது வருடம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு லாரியைத் தவிர வேறு நினைப்பில்லை.

முதலில் காற்று ஃபில்டரை மாற்றினேன், பிறகு டீசல் ஃபில்டரை. ஒரு பலனும் இல்லை. ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஊரையே கழற்றுவாரே, நம் ஸ்பேனர் அண்ணன், அவரைக் கூட்டி வந்து காட்டினேன். பானெட்டைத் திறந்த உடனே, “டர்போ போச்சும்மா, வண்டியை வித்துடு” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ போயிருந்தால் அந்த விசில் சத்தம் வருமா? பன்னிரண்டு வளைவு ஏற்றத்தில் நீங்கள் ரேடியோவை அணைத்துவிட்டு, “பேசாம கேளு, பாடுறா பாரு” என்று என் தோளைத் தட்டுவீர்களே. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாரே என்று எனக்கு அப்போது எரிச்சலாக வரும். அந்த எரிச்சல்தான் இப்போது கைகொடுத்தது. அவள் இன்னும் பாடுகிறாள். நோய் வேறு எங்கோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எஞ்சின் விட்ட புகையில் கொஞ்சத்தை அதற்கே திருப்பி மூச்சாகக் கொடுக்கும் வால்வு ஒன்று உண்டு, வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடிக்கொள்ளும் என்று நீங்கள்தான் எனக்கு ஒரு காலத்தில் சொன்னீர்கள். மறுநாள் காலையில் வண்டி சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அந்த வால்வைத் தாண்டிப் போகும் குழாயில் கையை வைத்தேன். அந்த நேரத்தில் அது குளிர்ந்து கிடக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை பொத்துப்போனது. வால்வு மூடவில்லை, வண்டி தன் புகையையே குடித்துத் திணறுகிறது. கை எரிந்தாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வால்வைக் கழற்ற நான்கு போல்ட்டு. மூன்று வந்துவிட்டன, நான்காவது துருப்பிடித்துப் பிடிவாதமாக நின்றது. இரண்டு நாள் டீசலை ஊற்றி ஊற்றிக் கெஞ்சி எடுத்தேன். பக்கத்தில் உங்கள் தங்கைதான் விளக்குப் பிடித்தாள். அவளுக்கும் எனக்கும் எட்டு வருடமாகப் பேச்சு அளவோடுதான் என்பது உங்களுக்குத் தெரியும். நீலத்தில் பாய்மரக் கப்பல் போட்ட என் பொத்தான் டப்பா மூடியை இரவல் வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டாள் என்று நான் சொல்ல, எடுக்கவே இல்லை என்று அவள் அழ, நீங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் படித்தீர்கள்.

வால்வு கையோடு வந்தது. உள்ளே தார் மாதிரி கரி. நாக்கு திறந்தபடியே இறுகிக் கிடந்தது. அதற்கும் குழாய்க்கும் நடுவில், வழியை அடைத்து ஒரு தகரம், நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு எரிந்துபோன ஓட்டை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைத் துணியால் துடைத்தேன். நீலம் தெரிந்தது. அப்புறம் பாய்மரக் கப்பலின் பாதி.

உங்கள் தங்கை விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இருவர் கையிலும் கரி.

எட்டு வருடம் முன்பு நீங்கள் அதை அங்கே செருகிய நாள் எதுவென்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு நாளாக முக்கி முனகிய வண்டி, அன்றைக்கு அந்த ஏற்றத்தைக் குதித்து ஏறியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, ஃபில்டரைத் தட்டிப் போட்டேன்” என்றீர்கள். மகள் நம் நடுவில் தூங்கினாள். நான் அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மூடியில்லாத டப்பா ஒவ்வொரு வளைவிலும் கொட்டியது, ஒவ்வொரு தடவையும் ஓரமாக நிறுத்திப் பொறுக்கிக் கொடுத்தீர்கள். இந்த மனுஷருக்கு இன்று என்ன இவ்வளவு பொறுமை என்று நினைத்தேன். ஃப்ளாஸ்க்கில் ஒரே டம்ளர் டீ மிச்சம், அதையும் எனக்கே கொடுத்தீர்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாளை இன்னொன்று சொல் என்றால் சட்டென்று வாயில் வராது. அதெல்லாம் ஒரு தகர மூடிக்கான குற்ற உணர்ச்சி என்று இப்போது தெரிந்தும் அந்த நாளின் ருசி குறையவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வால்வை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கசிவு தடுக்கும் கேஸ்கட் தாளை வால்வின் வாய்மேல் வைத்து ஓரம் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினேன், நீங்கள் செய்வது போலவே. பூட்டிய பிறகு புகை நின்றது, இழுவையும் வந்தது, ஆனால் வால்வு திறக்க மறுத்தது. திறக்கவில்லை என்றாலும் அதிகாரி விடமாட்டார், இந்த வருடம் முதல் வால்வையும் பார்க்கிறார்கள். காற்றை உறிஞ்சி அதை இழுக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, வால்வில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். நாக்கு டக்கென்று மேலே ஏறியது. ஆகக் குற்றம் குழாயில்தான், மடிப்பில் முடிபோல ஒரு விரிசல். புதுக் குழாய் போட்டேன். கறுத்த வாயோடு வீட்டுக்குள் போனதைப் பார்த்து மகள் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

இருபத்தெட்டாவது நாள் சோதனைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி புகைக்குழாயில் கருவியைச் செருகி மூன்று தடவை முறுக்கச் சொன்னார். மூன்று தடவையும் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். வால்வையும் தனியாகப் பார்த்தார். யார் வேலை பார்த்தது என்று கேட்டார், நான்தான் என்றேன். நம்பாமல் என் நகங்களைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலைத்தான் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது மனதில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன். தகரம் என்றைக்காவது ஓட்டையாகும், அடியில் வால்வு இறுகியே கிடக்கிறது, ஓட்டையானபின் எந்தச் சோதனையிலும் தேற முடியாது என்பதெல்லாம் உலகத்திலேயே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தேறினால் வருகிறேன் என்று எழுதியபோது அது உங்களுக்கு மறந்துபோயிருந்ததா, நினைவில் இருந்ததா? உங்கள் தங்கையிடம் இதைக் கேட்டேன். அண்ணனுக்கு மறதி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். மகள் அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. கேட்டுக்கொண்டிருந்தபோது தொந்தரவாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது.

மறந்திருந்தால் சந்தோஷம், கிளம்பி வாருங்கள். மறக்கவில்லை என்றாலும் நான் சண்டை போடமாட்டேன். என்ன காரணமோ, அதை இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓட்டுவதற்கென்று நீங்கள் வர வேண்டாம். ஐந்து வருடமாக நான்தான் ஓட்டுகிறேன், இப்போது அந்த ஏற்றத்தில் அவள் நன்றாகவே ஏறுகிறாள். வளைவு வந்தால் ரேடியோவை அணைக்கத்தான் ஆள் இல்லை. என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. வரும்போது மறக்காமல் உறையில் உள்ள அந்த மூடியை எடுத்து வாருங்கள், ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. எட்டு வருடமாக அந்த டப்பாவைத் துணி போட்டுத்தான் கட்டி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி