செவ்வாய்க்கிழமை நாலு மணி

மார்ச் 12, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டில் இருந்தவர்கள்: என் மகள் ரொக்ஸானா, அவள் புருஷன் ஃபாபியான், பேத்தி மலேனா, ஃபாபியானின் அம்மா தெல்மா, நான் ஒதிலியா. தெல்மா என் மகள் கல்யாணத்துக்குக் கறுப்பு உடுத்தி வந்தவள். இருபத்துமூன்று வருஷம் ஆச்சு, நான் மறக்கவில்லை.

ஃபாபியான் கறி சுட்டான். ரொக்ஸானா கேட்டாள்: "டாக்டர் கடற்கரையிலேர்ந்து வந்துட்டாராமே. ஏம்மா போகலை?"

இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு மனநல டாக்டர். ரொக்ஸானாவுக்குத் திங்கள், ஃபாபியானுக்கு வியாழன், எனக்குச் செவ்வாய் நாலு மணி. தெல்மா முப்பது வருஷமாகப் போகிறாள், இன்னும் அப்படியேதான் இருக்கிறாள்.

கால் வலி என்றேன்.

"கால் வலியும் மனசுலேர்ந்துதான் வருது சம்பந்தி" என்றாள் தெல்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 14, செவ்வாய்

மூன்று மணிக்கே குளித்து நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருக்கிறேன். யார் சொன்னது? நான்தான் போகப்போவதில்லையே. நாலரை வரைக்கும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தேன்.

மார்ச் 15

போன். அந்த டாக்டர்தான். எடுக்கவில்லை. பதினோரு தடவை.

மார்ச் 23, வியாழன்

எழுதிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

என் புருஷன் எவாரிஸ்தோ போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரொக்ஸானாதான் இந்த டாக்டரிடம் அனுப்பினாள். முதல் வருஷம் டாக்டர் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாற்பது வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தேன், "நீ என்ன நினைக்கிற?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவன் கேட்டான். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட எரிகிறது.

பிறகு அவன் சட்டைகளுக்குக் காலர் மாற்றித் தரச் சொன்னான். "உங்களுக்கு உபயோகமா இருக்கோம்னு தோணணும்" என்றான். அதுவும் சிகிச்சையாம். பிறகு கனவுகளை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லி, நோட்டை அவனே வைத்துக்கொண்டான். பிறகு "உங்க மக உங்களை விழுங்குறா, எல்லாத்தையும் அவகிட்ட சொல்லாதீங்க" என்றான். பிறகு அவன் நாற்காலி, நான் படுத்திருக்கும் சோபாவுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு கை.

அறுபத்தெட்டு வயசு எனக்கு. யாரிடம் சொல்வேன், சிரிக்க மாட்டார்களா?

"உடம்பும் துக்கத்தை விடணும்" என்றான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஈரக் கறை. இப்பவும் அதை அப்படியே வரைந்து காட்டுவேன்.

மார்ச் 24

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

போன அக்டோபரில் ரொக்ஸானாவிடம் சொன்னேன். "டாக்டர் பண்றது ஒண்ணு எனக்குப் பிடிக்கலை." அதற்கு மேல் வாய் வரவில்லை. அவள் சொன்னாள்: "அதை எங்கிட்ட சொல்லாதம்மா, அங்க கொண்டு போ. அவர்கிட்டயே பேசு. அதுக்குத்தான் அந்த இடம்." இந்த ஊரில் எதற்கும் இதைத்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு நாய் கடித்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த வாரமே நெலிதாவிடமும் சொல்லிப் பார்த்தேன். டாக்டரின் அறை இருக்கும் அதே வீட்டில், முன் அறையில் வைத்தியம் பார்க்கும் பெண், வயசானவள், வெள்ளை முடி, எல்லாருக்கும் கதவு திறந்துவிடுவாள். நான் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வந்தேன். "அவர் கை வைக்கிறாரு" என்றேன், இவ்வளவு தெளிவாக. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதை எங்கிட்ட சொல்லாதீங்க. உள்ள அவர்கிட்ட கொண்டு போங்க."

கொண்டு போனேன்.

"கொண்டு வந்ததுக்கு நன்றி" என்று சிரித்தான். "இப்பதான் சிகிச்சையே தொடங்குது." எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

ஜனவரி முடிய போனேன். ஏன் போனாய் என்று கேள் ஒதிலியா, கேள். பிப்ரவரியில் இந்த ஊர் மனநல டாக்டர்கள் அத்தனை பேரும் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், அவனும் போனான். அந்த மாசம் முழுக்க நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். அப்போதுதான் புரிந்தது.

ஏப்ரல் 13, வியாழன்

காய்கறிக் கடையில் ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி, சிவப்புச் சாயம் பூசிய முடி. எனக்கு முந்தின ஆள். ஒன்றரை வருஷம் செவ்வாய்தோறும் அவள் வெளியே வர நான் உள்ளே போவேன். டாக்டர் வாசலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போகவேண்டும், இங்கே அதுதான் மரியாதை. இரண்டு பேரும் தரையைப் பார்த்தே கடந்திருக்கிறோம்.

இன்று அவள் நேராகப் பார்த்தாள். "நீங்க நாலு மணி. நான் மூணு மணி."

கையிலிருந்த ஆரஞ்சைப் போட்டுவிட்டேன்.

"உங்களையும் ஏதாவது வேலை செய்யச் சொன்னானா?" என்றாள்.

"காலர்."

"எனக்கு முடிவெட்டு. மாசா மாசம் அவன் வீட்டுக்கே போய்." கையிலிருந்த ஆரஞ்சைத் திரும்பக் குவியலில் வைத்தாள். "அது மட்டும் இல்ல."

"தெரியும்" என்றேன்.

கடைக்காரன், "என்னம்மா, எடுக்கிறீங்களா இல்ல அதுகளுக்குப் பேர் வைக்கிறீங்களா?" என்றான். அவள் பெயர் ஆல்டா. முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 20, வியாழன்

ஆல்டா இழுத்துக்கொண்டு போனாள். பேட்டை கிளப்பின் பின்கூடம், ஏழு பெண்கள், கைமாறிக் கைமாறி உறிஞ்சும் ஒரே குடுவை மாத்தே மூலிகைத் தேநீர். எல்லாருமே தங்களுக்கு வைத்தியம் பார்த்தவனிடம் இப்படி அடிபட்டவர்கள். குடுவை என்னிடம் வந்தபோது வாங்கிக் குடித்தேன். யாரும் "அதைப் பத்தி என்ன தோணுது?" என்று கேட்கவில்லை. அதற்காகவே மறுபடி போவேன்.

மே 9, செவ்வாய்

சூப்புக்கு உப்புப் போடும்போது அவன் குரல்: "ஏன் இவ்வளவு உப்பு, ஒதிலியா?" பானையோடு கொட்டிவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

ரொக்ஸானாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கை என்று சொன்னேன். எந்த இடம் என்றும் சொன்னேன்.

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கிட்ட சொன்னியேம்மா. அக்டோபர்ல."

"சொன்னேன்."

"நான்தான் உன்னை திருப்பி அனுப்பினேன்."

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. எட்டு மாசமாக அடைகாத்த கோபம். அவள் முகத்தைப் பார்த்தேன். என் குழந்தை. "உனக்கு என்னடி தெரியும்" என்றேன், "வா, உட்காரு."

அவள் அழ, நான் தலையைத் தடவிக்கொடுக்க. எனக்கு ஆறுதல் வேண்டும் என்று வந்தவள் நான். பரவாயில்லை. பிறகு அவளே புகார் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. தெல்மா எட்டிப் பார்த்தாள். "என்ன சம்பந்தி?" என்றாள். சொன்னேன். அந்தப் பொம்பளை உள்ளே போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். கல்யாணத்துக்குப் போட்டுவந்த அந்தக் கறுப்பு கவுனைப் பாதி மன்னித்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மனநல டாக்டர்கள் சங்கத்தின் விசாரணை. ஆல்டாவும் நானும் ஒரே பெஞ்சில். அவன் வக்கீல் என் கனவு நோட்டைக் கொண்டுவந்திருந்தான். நான் டாக்டரோடு ரயிலில் போவதாக ஒரு கனவு. அதை உரக்கப் படித்தான். "இந்த அம்மாவோட ஆசை இது" என்றான். என் கோணல் எழுத்து, என் பிழைகள், அந்நியன் வாயில்.

எழுந்து நின்றேன். "ரயில்ல நான் அழுதுட்டிருந்தேன். அடுத்த வரியையும் படிங்க."

படிக்கவில்லை. விசாரணைக் குழுவில் நடுவில் இருந்த அம்மாள் நோட்டை வாங்கி அவளே படித்தாள்.

வெளியே லிஃப்டில் ஒரு ஆண் ஏறினான். நான் இறங்கி ஆறு மாடியும் படியில் வந்தேன்.

நவம்பர் 28, செவ்வாய்

நெலிதா சாட்சி சொல்ல வந்தாள். தானாக வந்தாளாம். எட்டு வருஷம் முந்தி ஒரு சின்னப் பெண் அவளிடம் சொன்னாளாம், அவன் கை வைத்ததை. இவள் அவனிடம் கேட்டாளாம், இனி நடக்காது என்றானாம். ஒரே வீட்டில் இருக்கிறோம், பழகிவிட்டோம், பெரிசுபடுத்த மனசில்லை என்றாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவள் பேசப் பேச அவன் முகம் வெளிறியது.

அப்படியானால் நான் பொத்தான் மாற்றிப் போட்டு நின்ற அன்று அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் 19, செவ்வாய்

தீர்ப்பு. இனி அவன் யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. போலீஸ் வழக்கு தனியாக நடக்கிறது. ஆல்டா கத்தினாள், ரொக்ஸானா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பசி வந்தது. மூன்று பேரும் பீட்சா சாப்பிட்டோம். கடிகாரம் பார்த்தபோது ஐந்தேகால். நாலு மணி எப்போது போனதென்றே தெரியவில்லை. அடுத்த வாரம் தெரியும், அதற்கடுத்த வாரமும் தெரியும்.

தீர்ப்பு முடிந்ததும் நடைக்கூடத்தில் நெலிதா வந்தாள். "மன்னிச்சிடுங்க ஒதிலியாம்மா. ஒவ்வொரு நாளும் அதையே நினைக்கிறேன்." கிளப் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அவள் சாட்சி இல்லாவிட்டால் ஜெயித்திருக்க மாட்டோம் என்று. உண்மைதான். அதை அவளிடமே சொன்னேன், நன்றியும் சொன்னேன்.

என் மகளும் அவளும் எனக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். மகள் நம்பிச் சொன்னாள். இவள் தெரிந்து சொன்னாள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தே என்னைத் திருப்பி அனுப்பினாள்.

அவனிடம் எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை, அவனை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். நான் சாகும்வரை மன்னிக்காதது ஒரே ஒருத்தியை. அவள் பெயர் நெலிதா பரிசோனே.