மாடத்தில் நின்ற தாய்

இன்று மாலை ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். யுத்த இருட்டடிப்பு, விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதாம்; வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். கோதுமை மாப் பசை விரலில் காய்ந்து மணத்தபோது, தோழி, உன் நினைவு வந்தது. குண்டுக்குப் பயந்து காலையில்தான் மகனை யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றிவிட்டு வந்தேன். மூன்று வயது. என் மச்சாள், இவருடைய அக்கா, கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நிறைமாதம், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை திரும்பி வரும்போது நான் இருப்பேனா? முதல் பிரசவத்திலேயே போய்விட்ட உன்னைத் தவிர யாரிடம் இதைக் கேட்பது?

அதே பசையை நாம் காய்ச்சியது கொட்டாஞ்சேனையில், உங்கள் வீட்டுக் குசினியில். காலேஜ் விடுமுறை. உன் வாப்பா பம்பாயிலிருந்து கொண்டுவந்த பாரசீகச் சித்திரத்தைப் பார்த்து வரைய வேண்டும் என்று உனக்கு ஆசை. ஏதோ வீரகாவியச் சுவடியிலிருந்து பிரிந்த ஒற்றைத் தாள். உருவங்கள் இருந்ததால் உம்மா அதைச் சுவரில் மாட்ட விடவில்லை. அலுமாரியில், பட்டுத் துணிக்குள் கிடந்தது. நாம் தாளின் மேல் தாள் ஒட்டி, சோகிச் சிப்பியால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

கீழே, ரோஜா நிறக் குதிரையில் போருக்குப் புறப்படும் மகன். மேலே, மலைக்கு அப்பால், மாடத்தில் தாய். காலேஜ் சித்திர வகுப்பில் சொல்லித்தந்தபடி, தூரத்தில் நிற்பவளை நான் நகமளவு வரைந்தேன். குதிரையின் காலடியில் நிழலும் போட்டேன். நீ எட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

“என்ன புள்ள, அவ தூரத்துலதானே ஈக்கிறா? ஏன் சின்னப் புள்ளையாக்கி வெச்சீங்க?”

பாரசீகச் சித்திரத்தைத் திரும்பப் பார்த்தேன். தாள் முழுவதிலும் நிழலே இல்லை. தாய் மகனளவே இருந்தாள். தூரம் என்றால் அங்கே உயரம், அவ்வளவுதான். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

நீ போன செய்தி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உன் பிள்ளை உன் தங்கையின் மடியில், பால் குடித்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாம் வரைந்த அன்று உன்னிடம் இன்னொன்றும் கேட்டேன். போகிறவன் திரும்பமாட்டான் என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா, முகத்தில் துக்கமே இல்லையே என்று. தெரியும் என்றாய். தூரிகையைத் தாளை விட்டு எடுக்காமலே சொன்னாய்: “அவ அழுதா எல்லாரும் அவவத்தான் பாப்பாங்க. குதிரைய ஆரு பாக்கிற?”

இன்று ஸ்டேஷனில் மகன் ஜன்னலால் தலையை நீட்டினான்.

“அம்மா, எப்ப வாறீங்கள்?”

“தங்கச்சிப் பாப்பாவோட வாறன்,” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.

மச்சாள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “உமக்குக் கண்ணீரும் வரேல்லையோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

பதில் சொல்ல வாய் திறந்தால் எல்லாம் குலைந்துவிடும். வண்டி அசைந்தது. பிள்ளை என் முகத்தை விட்டுவிட்டு, எஞ்சின் புகையைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கினான். கடைசிப் பெட்டி மறையும்வரை நான் அழாமல் அப்படியே நின்றேன். இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன்.