ரோஸ் நிறத் தொட்டி

ரெக்ஸ்டேல்
மே 8, புதன்

மதிப்புக்குரிய அன்புராசா அங்கிளுக்கு,

நான் ஸ்ரீதரனின் மகள் அட்சயா. நேற்று நீங்கள் வீட்டை அளக்க வந்தபோது கதவைத் திறந்துவிட்டு ஓடி ஒளிந்தவள். நேரில் கதைக்க வெட்கம். அதனால் நாளை உங்களுக்கு வைக்கும் தேத்தண்ணிப் போத்தலின் கீழ் இதை வைக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பிழையிருந்தால் பொறுங்கள்.

நாங்கள் புதிதாய் வாங்கிய இந்த வீட்டின் குசினியையும் குளியலறையையும் திங்கட்கிழமை உடைக்கப் போகிறீர்களாம். ஐம்பதுகளில் கட்டிய நாளிலிருந்து ஒரே குடும்பம் இருந்த வீடு. ரோஸ் நிறக் குளியல் தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. குசினிச் சுவரில் சின்னக் கதவொன்று இருக்கிறது. திறந்தால் அயன் பெட்டியால் உடுப்பு மினுக்கும் பலகை இறங்கி வருகிறது. எனக்கு அதைத் திறந்து மூடுவதே வேலையாகிவிட்டது.

உடைக்காமல் விட முடியாதா?

அட்சயா

மே 9

அன்பு மகள் அட்சயா,

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிப்போச்சு.

உன்ர அப்பா அஜக்ஸில தன்ர தங்கச்சியின்ர வீட்டைப் பார்த்திட்டு வந்து, சுவரெல்லாம் எடுத்து, வாசல்ல நிண்டா பின்வளவு தெரியோணும் எண்டு நிக்கிறார். நான் மறிச்சா, "உமக்கு வேலை செய்யப் பஞ்சி" எண்டுவார். நானும் உந்தத் தொட்டியைத் தட்டிப் பார்த்தனான். இப்ப உப்பிடி ஆர் செய்யினம்?

ஞாயிறு புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச எல்லாரும் வருவினம். நீதான் வாயைத் திறக்கோணும் பிள்ளை. திங்கள் விடிய நான் சுத்தியலோட வந்திடுவன்.

அன்புராசா

மே 12, ஞாயிறு மாலை

அன்புள்ள அங்கிள்,

இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நாளை சுத்தியல் வேண்டாம்.

அஜக்ஸ் மாமி வந்தவுடனே, "பால் பொங்கினா அடுப்பு பழுதாப்போம். கராஜில வைச்சுக் காய்ச்சுங்கோ, நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள்" என்றார். "உது நாளைக்குக் குப்பைக்குப் போற அடுப்புத்தானே, பொங்கட்டும்" என்றார் அம்மா.

பால் பொங்கி அந்தப் பழைய மஞ்சள் அடுப்பு முழுக்க வழிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். அடுப்பு புதுசுபோல மினுங்கியது. மாமி குனிந்து குனிந்து பார்த்தார்.

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றேன். என்றாலும் சொன்னேன்.

"அப்பா, இதை உடைச்சா நாங்களும் கராஜிலதான் பால் காய்ச்சோணும்."

வீடே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். கோபம் என்று நினைத்து நான் அழத் தயாரானேன். நெடுநேரம் கழித்து, வேட்டியெல்லாம் கசங்கி வெளியே வந்தார்.

"தொட்டிக்குள்ள காலை நீட்டிப் படுக்கலாமடி" என்றார்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது, அதை மட்டும் திருத்தினால் போதுமாம். வேலை குறைந்ததற்குக் கோபிக்க வேண்டாம். வரும்போது அன்ரியையும் கூட்டி வாருங்கள், நானே சுற்றிக் காட்டுகிறேன். ஆனால் குளியலறைக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மாமி உள்ளே நின்று படம் எடுக்கிறார்.

அன்புடன்,
அட்சயா