கூட்டம் சிரித்த மூன்று அடிகள்

என் பாட்டுக்கார அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறேன். இன்னமும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

நீயும் என் வயதில் அச்சில் களிமண் கூழ் ஊற்றியவள்தானே. நாடகத்தில் காமிக் வேஷக்காரி வராத ஒருநாள், உன் பாட்டைக் கேட்டிருந்த நாடகக் குழுக்காரர் உன்னை வேப்பூர் மேடைக்கு அழைத்துப் போனார். முதல் பாட்டே பாதியில் மறந்துவிட்டதாம். கோமாளி வேஷம் போடும் பபூனிடம், "யோவ், மிச்சத்த நீ பாடு, எனக்குப் பசிக்குது" என்றாயாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அதற்குப் பிறகு மூன்று வருடம், உன் பெயரைச் சொல்லித்தான் ஊர்க்காரர்கள் நாடகம் பேசித் தாம்பூலம் வைத்தார்களாம்.

கல்யாணத்தோடு அப்பா எல்லாவற்றையும் நிறுத்தினார். பன்னிரண்டு வருடம் கழித்து, அவர் பேச்சை மீறி நீ கோயில் திருவிழாவில் மேடை ஏறினாய்.

புருஷன் பெண்டாட்டி சண்டைப் பாட்டு. பபூன் மாமா பிளந்த மூங்கிலால் அடிப்பார். சத்தம்தான் வரும், வலிக்காது. அடிக்கு அடி நீ பாடியபடியே விழுவாய்.

அன்றைக்குப் பாட்டின் நடுவில் அப்பா மேடை ஏறினார். கையில் மண்வெட்டிக் காம்பு. முதல் அடி தோளில். நீ அலறினாய், கூட்டம் சிரித்தது. இரண்டாவது வாயில். ரத்தத்தைச் சாயம் என்று நினைத்தார்கள். ஆர்மோனியம்கூட நிற்கவில்லை. தடுக்கப் போன பபூன் மாமாவை அப்பா எட்டி உதைத்தார், அதற்கும் விசில். மூன்றாவது தலையில்.

நான் முன்வரிசையில்தான் இருந்தேன். நிஜமாக அடிக்கிறார் என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. கூச்சமா அம்மா? பயமா?

நீ தவறி விழுந்து செத்தாய் என்கிறார் ஜாமீனில் வந்த அப்பா. சிரித்தவர்கள், நடிப்பென்று நினைத்தோம், சரியாகப் பார்க்கவில்லை என்கிறார்கள். பபூன் மாமா ஒருவருடைய சாட்சி மட்டும் போதாதாம்.

நான் இப்போது அத்தை வீட்டில். நேற்று சோறு போட்டுக்கொண்டே அத்தை சொன்னாள்: "உங்கம்மா தானா வுழுந்துட்டான்னு சொல்லிடு. உங்கப்பனும் உள்ள போயிட்டா உனக்கு யாருடி இருக்கா?"

"பாத்தததான் சொல்லுவேன் அத்த."

கன்னத்தில் அறைந்தாள். தட்டு உருண்டது. நான் அழவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டு. அப்பா எதிரிலேயே நிற்பார். எந்த அடி எங்கே விழுந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். பார்த்தும் நான் கத்தாமல் இருந்ததையும் சொல்வேன்.

அன்று ஊமையாய் உட்கார்ந்திருந்த உன் மகள்,
செல்வி