முறிந்த பிளாட்டினக் கம்பி

திருப்பதி, 11 ஆகஸ்டு 1959

ஆர்சனிக் படிந்த பிளாட்டினக் கம்பியை நான் அமிலத்தில் கழுவுவதற்குள் பேராசிரியர் பிடுங்கி, கல்லூரி ஆய்வகத்தைப் பார்க்க வந்த விருந்தாளிகளுக்குக் காட்டுகிறேன் என்று பர்னர் சுடரில் நீட்டினார். கழுவாமல் சூடாக்கினால் நொறுங்கிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கம்பி இரண்டாக முறிந்தது. என்னை முறைத்தார்.

"நான்தான் கழுவாம வெச்சிட்டேன் சார்" என்றேன்.

"பரவாயில்லை, இனிமே ஜாக்கிரதை" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

வெளியே வந்ததும் அட்டெண்டர் முனுசாமி பிடித்துக்கொண்டார். "இன்னா சார், செய்யாத தப்புக்குத் தலையாட்டிக்கினு நிக்கிற?"

அவருக்கு என்ன சொல்வது? எங்கள் பிச்சாட்டூர் ஆந்திராவோடு சேரப்போகிறது. இனி எனக்கு வேலை இந்தப் பக்கம்தான். அதற்கு நற்சான்றிதழில் இந்தப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும்.

திட்டியிருந்தால்கூட இந்நேரம் தூங்கியிருப்பேன். மன்னித்துவிட்டார், பாவி.