நீ சொல்லாமல் வைத்திருந்த சேதி

அம்மா,

இன்று காலை எதிர்வீட்டுக்காரி லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டதாம். நெய்வாசனை இன்னும் கூடத்தில் இருக்கிறது. நமக்குக் கொடுப்பதற்கு முன்னால் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் அதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்.

நல்ல சேதி என்றால் உனக்கு வாய் நிற்காது. அப்பாவுக்குத் தெரிவதற்குள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும். எனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்தபோது தட்டில் கற்கண்டைக் கொட்டிக்கொண்டு கிளம்பியவள், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினாய். அப்பா அன்று ஓட்டலில் சாப்பிட்டார்.

விழுப்புரம் கல்லூரியில் கணக்கு எம்.எஸ்சி. வகுப்பில் திண்டிவனத்துப் பெண்கள் நானும் விஜயாவும்தான். அவள் அப்பா மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா போறதா இருந்தா போவட்டும். தனியால்லாம் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லித்தான் மகளைச் சேர்த்தார். காலையில் சைக்கிளில் நம் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். நாங்கள் சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்து பாசஞ்சரைப் பிடிப்போம். சாயங்காலம் நம் வீட்டுக்கே வந்து அவளை அழைத்துப்போவார்.

அந்த முதல் வருஷத்திலேயே எனக்குச் சென்னையில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. மனு போட்டதையே மறந்திருந்தேன். கணக்கு எனக்கு வேப்பெண்ணெய் மாதிரி. வக்கீல் ஆகவேண்டும் என்பதுதான் ஆசை. நீ உடனே கற்கண்டு டப்பாவைத் திறந்தாய். அந்த நேரத்தில்தான் விஜயா வந்து நின்றாள். சேதியைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் படிடி" என்றாள். அப்புறம் உன்னிடம், "எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன் பெரிம்மா. எப்படியும் நிறுத்திடுவாரு" என்றாள். அவள் அழவில்லை.

நீ டப்பாவை மூடினாய். "அவருக்குத் தெரிஞ்சாத்தானே நிறுத்துவாரு?" என்றாய்.

அப்பா சிரித்தார். "நீயா? நீ வாய மூடிக்கினு இருப்பியா?"

இருந்தாயே அம்மா! நான் டி.சி. வாங்கிக்கொண்டு சென்னை ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். விஜயாவை அவள் அப்பா வழக்கம்போல நம் வாசலில் விட்டார். "பொண்ணு எங்க தங்கச்சி?" என்று அவர் கேட்டால், "குளிச்சிக்கினு இருக்குதுண்ணா" என்பாய். அவள் படிப்பு முடிகிறவரை திண்டிவனத்தில் நான் குளித்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், பின்பக்கச் சந்து வழியாக அவளைக் கூட்டிப்போய் லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு வருவாய். மயிலம், விக்கிரவாண்டி தாண்டி அவள் தனியாகப் போய், தனியாகத் திரும்பினாள்.

ஊரில் ஒருத்தரிடமும் நீ மூச்சு விடவில்லை. கூட்டேரிப்பட்டுக் கல்யாணத்தில் உன் ஒன்றுவிட்ட அக்கா, தன் மகன் பேங்கில் குமாஸ்தா ஆனதைப் பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். "உம் பொண்ணு இன்னாடி பண்ணுது?" என்று உன்னையும் கேட்டாள். லீவில் வந்திருந்த நான் பக்கத்து இலையில் இருந்தேன். உன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "படிக்குது" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாய்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அம்மா இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று. "அந்தப் பொண்ணு சாயங்காலம் வந்தா டிபன் டப்பாவக் கழுவி வெச்சிட்டுத்தான் ஒக்காரும். நீ என்னிக்காவது கழுவி இருக்கியாடி?" என்றாய். வேறு காரணம் எதையும் கடைசிவரை உன்னிடமிருந்து வாங்க முடியவில்லை.

விஜயா முதல் வகுப்பில் தேறினாள். அன்று சாயங்காலம் அவள் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். நீ அவரை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாய்.

"அண்ணா, உங்க பொண்ணு தனியாத்தான் போய்ட்டு வந்துச்சி. என்னா ஆயிப்போச்சி? ஒண்ணும் ஆவல. இனிமேலும் ஒண்ணும் ஆவாது. வேலைக்கி அனுப்புங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். விஜயா தூணோடு தூணாக நின்றாள். கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உன் பக்கம் திரும்பி, "அப்ப உம் பொண்ணு எங்கம்மா போச்சி?" என்றார்.

ஊரிலேயே அதிகம் பேசுகிறவள் நீ, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். "மெட்ராசுல... வக்கீலுக்குப் படிக்குதுண்ணா" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழுதாய்.

விஜயா விழுப்புரத்தில் டீச்சரானாள். அதே பாசஞ்சரில் தனியாகப் போய்வந்தாள். நான் திண்டிவனம் கோர்ட்டில் தலை நரைத்துவிட்டேன். வக்கீலம்மா என்று எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் நான் வக்கீல் என்று எனக்கே நம்பிக்கை குறைகிற நாளில், காதில் வைத்துக் கேட்டுக்கொள்வது நீ அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வரியைத்தான், அம்மா.